மணிக்கு ஒரு ஜக்

அக்கா வீட்டுக்குப் போக நான்கு மாடி ஏற வேண்டும். லிஃப்ட் இருக்கிறது, ஓடாது. 'பழுது' என்று எழுதித் தொங்கவிட்ட அட்டையின் கயிறே நைந்துபோயிருந்தது. அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் எல்லோரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். வைத்தியன் வீட்டில்தான் இருமல் நிற்காது.

சின்னவள் மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். நடுமதியம். எங்கோ ஒரு வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அவள் தோள்பையில் கத்தரிக்கோல், பட்டைத் தூள் ஒரு டப்பா, சலித்த சாம்பல் ஒரு பை, துணி சோப்பு, பத்துப் பல் பூண்டு, கிழித்த பழைய பருத்தித் துணி. மாற்று உடை இரண்டுதான்.

மாமா போனில் அனுப்பியிருந்தது மூன்றே வரி. "உங்க அக்கா செடியெல்லாம் செத்துக்கிட்டு இருக்கு. வந்து சரி பண்ணி எடுத்துட்டுப் போ. இல்லன்னா சனிக்கிழமை குப்பை வண்டில ஏத்திடுவேன்."

இன்று புதன்.

அக்கா இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது. செய்தி கேட்டு, இரண்டு பஸ் மாறி, சின்னவள் வந்து சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை அக்காவின் கால்களே இல்லை. யாரோ பெருத்த அம்மாளின் கால்களைக் கொண்டுவந்து அக்காவுக்கு ஒட்டவைத்த மாதிரி இருந்தன. அன்றிலிருந்து ஒரு கேள்வியை அவள் வாயில் அடக்கி வைத்திருந்தாள், எலந்தைக் கொட்டையைத் துப்ப இடம் தெரியாமல் வைத்திருப்பதுபோல. செடிகள் ஒரு சாக்கு. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வந்தாள்.

கதவைத் திறந்தது அக்காவின் மாமியார்.

"வாங்க வாங்க, செடி டாக்டரம்மா. படி எண்ணினியா? அறுபத்தெட்டு. நான் கீழ இறங்கியே ஒரு மாசமாச்சு."

அந்த அம்மாளின் நைட்டி தரையில் புரண்டது. பாதம் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையை விட்டுக் காலைத் தூக்காமல், தேய்த்துத் தேய்த்து நடந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. பூ வைத்த ஜாடியில் தண்ணீரை நாலு நாள் மாற்றாமல் விட்டால் வருமே, அந்த வாடை. ஆறு வருஷமாக நர்சரியில் செடிகளோடு கிடக்கும் சின்னவளுக்கு அது என்னவென்று மூக்கே சொல்லிவிட்டது.

அழுகிய வேர்.

செடிகள் சன்னல் அறையில் இருந்தன. கடைசி ஐந்து வாரம் அக்கா படுத்திருந்த அறை. கட்டிலை எடுத்துவிட்டார்கள், தரையில் அதன் நான்கு கால்களின் தடம் இருந்தது. அந்தத் தடத்தைச் சுற்றிப் பதினோரு தொட்டிகள். மணி பிளாண்ட், கற்றாழை, பாம்புச் செடி, ரப்பர் செடி, குரோட்டன்ஸ். நோயாளியைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, நோயாளி போன பிறகும் எழுந்துபோக மறந்தவர்கள்போல இருந்தன.

எல்லாவற்றுக்கும் ஒரே நோய். அடி இலை மஞ்சள், நுனி கருகல், தண்டு துவண்டு தொங்கியது. கற்றாழைக்கும் குரோட்டன்ஸுக்கும் ஒரே நேரத்தில் ஒரே நோய் வந்து அவள் பார்த்ததில்லை. பாம்புச் செடி ஒரு மாதம் தண்ணீர் இல்லாமல் கிடக்கும். அதுகூட அடியில் கூழாகியிருந்தது.

"அத்தை, யார் தண்ணி ஊத்தறது?"

"யாரும் ஊத்தல."

"மண்ணு சொதசொதன்னு இருக்கே."

"நான் அந்த ரூமுக்குள்ளயே போறதில்ல. அவன் காலைல போனா ராத்திரி வர்றான். அவனா செடிக்கு ஊத்துவான்? தனக்கே ஒரு டம்ளர் எடுத்துக் குடிக்கத் தெரியாது."

சின்னவள் மணி பிளாண்ட் தொட்டியில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். அது அக்கா கல்யாணமாகிப் போகும்போது அவளும் அக்காவும் சேர்ந்து படுத்த அறையிலிருந்து ஒடித்துப்போன கொடி. மண்ணில் குழி விழுந்தது. விரலை எடுத்தாள். குழி மேலே வரவில்லை. அடியிலிருந்து மெல்ல, நீர் ஊறி வந்து அதை நிரப்பியது.

தாகத்திலும் செடி வாடும், வேர் அழுகினாலும் வாடும். பார்க்க இரண்டும் ஒன்றுதான். வாடுவதைப் பார்த்து மனசு கேட்காமல் இன்னும் ஊற்றுவார்கள். நர்சரிக்கு வருகிறவர்களிடம் நாளைக்குப் பத்து முறை அவள் சொல்லும் வசனமே இருந்தது: "செடிய யாரும் காயப்போட்டுக் கொல்றதில்லீங்க. ஊத்தி ஊத்தித்தான் கொல்றாங்க."

வேலையில் இறங்கினாள். பழைய செய்தித்தாளை விரித்து ஒவ்வொரு செடியாகக் கவிழ்த்தாள். கருத்த வேரை வெட்டினாள், வெட்டிய வாயில் பட்டைத் தூள் அப்பினாள். மண்ணை வெயிலில் பரப்பி, சாம்பல் கலந்து திரும்ப நிரப்பினாள். இலைகளைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தாள். பூண்டை நசுக்கி வடிகட்டித் தண்டில் தடவினாள். மாமியார் நடைக் கதவருகே நாற்காலி போட்டு, காலுக்கு மேல் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு பார்த்தாள். உள்ளே வரவில்லை.

"என்னடி இது, சமையல் பண்றியா வைத்தியம் பண்றியா?"

"வீட்டு வைத்தியம்தான் அத்தை. கடை மருந்தவிட நல்லாக் கேக்கும்."

"ம்," என்றாள் மாமியார். "உங்க வீட்டுல எல்லாத்துக்கும் அதுதான்."

அந்தச் சொல்லில் ஏதோ முள் இருந்தது. எங்கே குத்தியது என்று சின்னவளுக்குப் பிடிபடவில்லை.

வியாழன் காலையில் பதினோரு தொட்டியிலும் தண்ணீர் தளும்பி நின்றது.

சாம்பல் கரைந்து சேறாகியிருந்தது. முந்தைய நாள் வெட்டாமல் விட்ட வெள்ளை வேர்களும் கருத்திருந்தன. மாமியார்தான் வேண்டுமென்றே ஊற்றுகிறாள் என்று நினைத்தாள். மருமகளைத்தான் பிடிக்காது, மருமகள் வைத்த செடிமேலுமா வஞ்சம்? எல்லாவற்றையும் திரும்பச் செய்தாள். அறையைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பூட்டைத் திறந்தாள்.

தண்ணீர்.

தரையில் ஈரத் தடங்களும் இருந்தன. முதலில் அவை தொட்டி வைத்த தடம் என்றுதான் நினைத்தாள், அவ்வளவு அகலம். குனிந்து பார்த்தாள். ஒரு பக்கம் ஐந்து சின்ன உருண்டைகள், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. இடைவெளியே இல்லாத விரல்கள்.

சன்னலில் தொடங்கி, கட்டில் இருந்த இடத்தில் முடிந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

அவளுக்கு ஓடத்தான் தோன்றியது. ஆனால் மறுநாள் சனிக்கிழமை. குப்பை வண்டி காலையில் வரும். அந்த மணி பிளாண்டில் இன்னும் ஒரே ஒரு கணு பச்சையாக இருந்தது.

கடைசி வைத்தியம் ஒன்று பாக்கி. திரி. பருத்தித் துணியை முறுக்கி, ஒரு முனையைத் தொட்டியின் அடி ஓட்டை வழியாக மண்ணுக்குள் செலுத்தி, மறுமுனையைக் கீழே ஒரு பாத்திரத்தில் தொங்கவிட்டால், மண்ணில் மிஞ்சிய நீரைத் துணி உறிஞ்சிக் கீழே சொட்டிவிடும். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் ஒரு நீல பிளாஸ்டிக் ஜக் கிடைத்தது. முதலில் மணி பிளாண்டுக்கு மட்டும் செய்து பார்ப்போம் என்று, அதை முக்காலிமேல் ஏற்றித் திரி வைத்து, ஜக்கை அடியில் வைத்தாள்.

நடையிலிருந்து மாமியார் அதைப் பார்த்தாள்.

"அந்த ஜக்கை எதுக்கு எடுத்த?"

"சும்மா கிடந்துச்சு அத்தை."

"வேற பாத்திரமே கிடைக்கலியா உனக்கு?" அவள் குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஏதோ இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வைத்தாள். ஒரு மணிக்கு ஜக் நிரம்பியிருந்தது.

அந்தத் தொட்டி இரண்டு கைப்பிடி மண் கொள்ளும். ஜக் ஒன்றரை லிட்டர்.

மண்ணிலிருந்து வந்த தண்ணீர் மாதிரி இல்லை. தெளிவாக, சில்லென்று, குடிதண்ணீர்போல இருந்தது. கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள். மண் அப்படியே சொதசொதத்தது. இரண்டு மணிக்கு மறுபடி விளிம்பு வரை. கொட்டினாள். மண்ணில் ஒரு சொட்டு குறையவில்லை.

மூன்றாவது முறை ஜக்கை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று. கட்டில் இருந்த இடத்தில் வெயில் நீளமாகப் படுத்திருந்தது. திரி சொட்டியது. டொக். டொக். கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிப் பார்த்து, கிளம்பாமல் திட்டினார்கள்.

பிறகு சொட்டுவது நின்றது.

வேறு ஒரு சத்தம் கேட்டது.

மடக். மடக். மடக்.

யாரோ மூச்சு விடாமல் குடிக்கிறார்கள். மிக அருகில், அவள் முழங்காலுக்கு நேரே, கட்டில் உயரத்தில்.

சத்தம் நின்றது. ஒரு பெருமூச்சு. ஈரமான பெருமூச்சு.

"போதும்."

அக்காவின் குரல். 'அக்கா' என்று கூப்பிடச் சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் இன்னொரு குரல் பேசியது. போனில் வருகிற மாதிரி, மெலிந்து, கரகரத்து. பின்னணியில் தண்ணீர்க் குழாய் பீய்ச்சும் இரைச்சல்.

"ஆஸ்பத்திரி எல்லாம் எதுக்குக்கா? இல்லாத நோயைச் சொல்லுவான். நெறையத் தண்ணி குடி. மணிக்கு ஒரு தரம் குடி. உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிரும்."

அது அவளுடைய குரல்.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. வந்தது என்று சொன்னால் பொய். அது எங்கேயும் போயிருக்கவில்லை. வியாபாரம் சூடாக இருந்த நேரம். ஒரு கையில் குழாய், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். அக்கா, "கால் வீங்குதுடி, அசதியா இருக்கு, ரெண்டு நாள் வந்துட்டுப் போயேன்" என்றாள். முதலாளி முறைத்துக்கொண்டிருந்தார். போனை வைத்தால் போதும் என்றிருந்தது. அவர்கள் அம்மா எல்லா வியாதிக்கும் சொல்வதை எடுத்துச் சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த கையோடு ஒரு வாடிக்கையாளரிடம் திரும்பி, "ஊத்தி ஊத்தித்தான் கொல்றாங்க" என்று சொன்னாள்.

எப்படி வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. நடையில் மாமியார் அதே நாற்காலியில் இருந்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள் மெதுவாக.

சின்னவளுக்குப் பயத்தை மறைக்கக் கோபத்தைத்தான் எடுக்க முடிந்தது. இரண்டு மாதமாக வாயில் வைத்திருந்த கொட்டையைத் துப்பினாள். "எங்க அக்காவ ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல?"

"நீதான வேணாம்ன?"

"நான் போன்ல ஏதோ—"

"ஸ்பீக்கர்ல போட்டுத்தாம்மா கேட்டோம். எனக்கும் சௌகரியமாப் போச்சு. நாலு மாடி, லிஃப்ட் இல்ல, யாரு தூக்கிட்டு இறங்கறது? தங்கச்சியே சொல்லிட்டா, அப்புறம் என்ன? அந்த நீல ஜக்குல மணிக்கு ஒரு தரம் ரொப்பிக் கொடுத்தேன். ஒரு நாள் தவறல. மருமகள கவனிக்கலன்னு ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது."

"அவ போதும்னு சொல்லியிருப்பாளே."

"சொன்னா. தெனமும் சொன்னா." மாமியார் போர்வையின் நூலைப் பிய்த்தாள். "கடைசி வாரம் வாயைத் திறக்க மாட்டா. 'உன் தங்கச்சி சொன்னதுடி, குடி'ன்னு சொல்லுவேன். உன் பேரைச் சொன்னா மட்டும் குடிச்சிருவா."

சின்னவள் சுவரில் சாய்ந்தாள்.

மாமியார் போர்வையை விலக்கி, நைட்டியை முழங்கால் வரை தூக்கினாள். அந்தக் கால்களைச் சின்னவள் முன்பே பார்த்திருந்தாள். இரண்டு மாதம் முன்னால், மூடிய முகத்துக்குக் கீழே.

கிழவி கெண்டைக்கால்மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கி எடுத்தாள். குழி விழுந்தது. மேலே வரவில்லை.

"அவ போன மறுநாள்லேருந்து அந்த ஜக்கு தானா நெறையுது. கொட்டினாப் போகாது, குடிச்சாத்தான் போகும். குடிச்சேன். என் பங்கு இருக்குல்ல? போன மாசம் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போனேன்."

"உங்களுக்குன்னா மட்டும் ஆஸ்பத்திரியா?"

"ஆமாம்மா. எனக்குன்னதும் உடனே போகத் தோணிச்சு. என்ன பண்றது." அவள் சிரித்தாள், அதில் வெட்கமும் இருந்தது. "எல்லாம் நல்லாருக்கு, தண்ணி மட்டும் நெறையக் குடிங்கன்னு அனுப்பிட்டான். அப்புறம் ஜக்கைத் தூக்கிச் சிங்க் அடியில போட்டேன். அன்னையிலேருந்து செடித் தொட்டியெல்லாம் நெறையுது. யோசிச்சேன். என் பங்கு முடிஞ்சிருக்கும், இது வேற யாரோ பங்குன்னு. அதான் அவங்கிட்ட சொல்லி உனக்கு எழுதச் சொன்னேன்."

"மாமாவுக்குப் பங்கு இல்லியா?"

"அவன் எதுவும் சொல்லல, எதுவும் கொடுக்கல. டியூட்டிக்குப் போயிட்டு வந்தான்." மாமியார் நைட்டியை இறக்கிவிட்டாள். "அந்த மாதிரி ஆளுங்களுக்கு எப்பவும் ஒண்ணும் ஆகறதில்ல."

கடிகாரம் நான்கு காட்டியது.

சின்னவள் அறைக்குள் போனாள். ஜக் விளிம்பு வரை நின்றது. வீட்டை விட்டு இறங்கி ஓடியிருக்கலாம். பதினோரு தொட்டியும் குப்பை வண்டியில் போயிருக்கும், அவளும் நர்சரிக்குப் போய் மற்றவர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். மணி பிளாண்டின் அந்த ஒற்றைப் பச்சைக் கணுவைப் பார்த்தாள். முன்பு படுக்கையில் அவள் பக்கம்தான் அந்தக் கொடி தொங்கும். தூக்கத்தில் முகத்தில் படுகிறது என்று சிணுங்கினால் அக்கா எழுந்து அதை எடுத்துத் தன் பக்கம் கட்டிவைப்பாள்.

ஜக்கை எடுத்தாள். குடித்தாள்.

தண்ணீர் இனித்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கடைசி மடக்கு இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் மண் உறிஞ்சும் சத்தம் கேட்டது, பதினோரு தொட்டியிலும் ஒரே நேரத்தில். திரும்பினாள். மண் வெளுத்து, காய்ந்து, வெடித்திருந்தது.

மறுநாள் காலை மாமா தொட்டிகளைப் பார்த்து வாயைப் பிளந்தார். துவண்ட தண்டுகள் நிமிர்ந்து நின்றன. மணி பிளாண்டின் கணுவில் சுருட்டிய புதுத் துளிர் ஒன்று எட்டிப் பார்த்தது.

"பரவால்லியேம்மா, பிழைக்க வச்சிட்டியே! உங்க அக்காவுக்கு இந்தக் கைராசி இல்ல."

அவரே இரண்டிரண்டு தொட்டியாகக் கீழே இறக்கிக் கொடுத்தார். நீல ஜக்கைச் சின்னவள் அங்கேயே விட்டுவிட்டாள். எடுக்கவில்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டாள்.

மூன்று வாரம் கழித்து மாமியார் போன் செய்தாள். குரலில் பத்து வயது குறைந்திருந்தது.

"என் கால் வத்திடுச்சும்மா! நேத்து கடைவீதி வரைக்கும் நடந்துட்டு வந்தேன். அவனுக்கு ஒரு நல்ல எடம் பாத்திருக்கோம், பொண்ணு வீட்டுல பேசியாச்சு. ஆங், லிஃப்டைக்கூடச் சரி பண்ணிட்டான், வர்றவங்க ஏறணும்ல? நீ எப்படி இருக்க? செடியெல்லாம்?"

"நல்லாருக்கு அத்தை."

பொய் இல்லை. நர்சரியில் அந்தப் பதினோரு தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் உள்ளேயே வருகிறார்கள். இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியதுபோல மினுங்கியது. "அப்படி என்னம்மா மருந்து போட்ட?" என்று முதலாளி கேட்டார்.

"வீட்டு வைத்தியம்தாங்க," என்றாள்.

போனை வைத்துவிட்டுக் குழாயைப் பிடிக்கப் போனாள். செருப்பின் வார் பாதத்தில் இறுகியது. ஒரு வாரமாகவே இறுகுகிறது. புதுச் செருப்பு, தோல் பதப்படவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். மணி பிளாண்ட் இருந்த மேசையருகே ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். குனிந்தபோது மேசைக்கு அடியில் அது தெரிந்தது.

நீல ஜக்.

விளிம்பு வரை.

யாரையாவது கூப்பிடலாமா என்று பார்த்தாள். முதலாளி வாசலில் ஒரு பெண்மணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், அவளிடம் கற்ற வசனத்தை, அவள் சொல்லும் அதே ராகத்தில்: "யாரும் காயப்போட்டுக் கொல்றதில்லீங்க..."

சின்னவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்தாள். அமுக்கினாள். எடுத்தாள்.

குழி மேலே வரவில்லை.

அடியிலிருந்து மெல்ல, நீர் ஊறி வந்து அதை நிரப்பியது.